மூக்கை நம்பி மோசம் போகாதீர்! எலி வில்லையும் பாஸ்பீன் நஞ்சும்



மருந்து என்றதும் தோட்டத்தில் நமக்கு ஞாபகம் வருவது முதுகில் சுமக்கும் பம்பும், லாலாங் புல்லுக்கு அடிக்கும் மருந்துத் தண்ணியும்தான். கையுறை போடு, மூக்கைக் கட்டு, வேலை முடிந்ததும் நன்றாகக் குளி என்று அதற்கு நாம் கற்றுக்கொண்ட பாடங்கள் இருக்கின்றன. நல்ல பாடங்கள்தான். ஆனால் மாத்திரை உருவத்தில் வந்து, காற்றாக மாறி ஆளைக் கொல்லும் நஞ்சு ஒன்றும் உண்டு. அதனிடம் இந்தப் பாடங்கள் செல்லாது. துணியால் மூக்கைக் கட்டினால் அது நிற்காது. தண்ணீர் விட்டுக் கழுவினால் அது குறையாது, கூடும்!

அந்தக் காற்றின் பெயர் பாஸ்பீன். ஸ்டோரில் அரிசி, கொக்கோ போன்ற மூட்டைகளுக்குப் புகைபோடும் வில்லைகளிலிருந்து வருவது இதுதான். எலி வளைக்குள் போடும் சில வில்லைகளிலிருந்தும், சாம்பல் நிறத்து எலிப் பாஷாணம் ஒன்றிலிருந்தும் வருவதும் இதுதான். இதைப் பற்றி ஸ்டோரில் வேலை செய்பவர் மட்டுமல்ல, வீட்டில் பிள்ளை வளர்க்கும் தாயும் தெரிந்துகொள்ள வேண்டும். ஏன் என்பதைக் கீழே படித்தால் புரியும்.

கார்பைட் விளக்கு நாற்றம்

விடியற்காலையில் பால் வெட்டுக்குப் போன பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். நெற்றியில் கட்டிய கார்பைட் விளக்கை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கார்பைட் கல்லில் தண்ணீர் சொட்டும், காற்று கிளம்பும், அதைப் பற்றவைத்தால் வெளிச்சம். கூடவே ஒரு நாற்றமும் வரும். “பூண்டு அழுகின மாதிரி நாறும்” என்பார்கள்.

எரியும் காற்றின் பெயர் அசிட்டிலீன். அந்தப் பூண்டு நாற்றத்துக்குக் காரணம் அசிட்டிலீன் அல்ல. கார்பைட் கல்லில் அழுக்காகக் கலந்திருக்கும் கால்சியம் பாஸ்பைட் தண்ணீர் பட்டதும் கொஞ்சம் பாஸ்பீனை விடுகிறது. நாற்றம் பாஸ்பீனோடும் அதன் உறவுக்காரக் காற்றுகளோடும் சேர்ந்து வருவது. விளக்கில் வந்தது மிகக் கொஞ்சம்; அதுவும் தீயில் எரிந்துபோகும். வில்லையில் வருவது அப்படியல்ல. அதைக் கொல்வதற்கென்றே செய்கிறார்கள்.

அண்ணனும் தம்பியும்

பாஸ்பரஸ் என்ற பொருளும் ஹைட்ரஜன் என்ற காற்றும் சேர்ந்தால் பிறப்பவர்கள் பலர். அதில் இருவரை நாம் தெரிந்துகொண்டால் போதும். ஒரு பங்கு பாஸ்பரஸும் மூன்று பங்கு ஹைட்ரஜனும் சேர்ந்தது பாஸ்பீன். இது அண்ணன். இரண்டு பங்கு பாஸ்பரஸும் நான்கு பங்கு ஹைட்ரஜனும் சேர்ந்தது டைபாஸ்பேன். இது தம்பி.

தம்பிக்கு நிலையான புத்தி கிடையாது. வெளிச்சம் பட்டாலும் சூடு பட்டாலும் தானே சிதைந்து போகும். காற்று பட்டால் தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். அண்ணன் சுத்தமாக இருந்தால், நம்ம ஊர் வெயிலில்கூடத் தானாகப் பற்றாது. தம்பி கொஞ்சம் கலந்துவிட்டால் போதும், அண்ணனையும் சேர்த்து எரித்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்க அறிவாளிகளுக்கே 60 வருஷம் ஆனது. 1783-ல் பிரான்சு நாட்டு கெங்கெம்பர் என்பவர் பாஸ்பரஸைக் காரத்தோடு சூடுபடுத்தி ஒரு காற்றை எடுத்தார். அது வெளிக்காற்று பட்டதும் பக்கென்று தீப்பிடித்தது. ஆனால் சில சமயம் அதே காற்று பிடிக்கவில்லை. ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை. 1844-ல் அதே நாட்டு போல் தெனார் என்பவர் அந்தக் காற்றைக் கடுமையாகக் குளிரவைத்தார். ஒரு திரவம் தனியே ஒதுங்கியது. அந்தத் திரவம்தான் தம்பி டைபாஸ்பேன். அதைப் பிரித்த பிறகு மிச்சமிருந்த காற்று தானாக எரியவில்லை.

கப்பல்காரர்கள் இந்தத் தம்பியை வேலைக்கும் வைத்துக்கொண்டார்கள். கால்சியம் கார்பைடும் கால்சியம் பாஸ்பைடும் அடைத்த டின்னில் ஓட்டை போட்டு இரவில் கடலில் எறிவார்கள். உள்ளே தண்ணீர் புகுந்ததும் அது தானே பற்றி எரிந்து இடத்தைக் காட்டும். சதுப்பு நிலத்தில் இரவில் தெரியும் வெளிச்சத்தை நம் பாட்டிமார் கொள்ளிவாய்ப் பிசாசு என்பார்கள். அதுவும் இந்தத் தம்பி பற்றவைத்த சதுப்புக் காற்றாக இருக்கலாம் என்று சில விஞ்ஞானிகள் சொல்வதுண்டு.

நாம் கவனிக்க வேண்டியது இதைத்தான். கண்ணுக்குத் தெரியும்படி எரிவது தம்பி. நாற்றத்துக்கும் அதைப் போன்ற கலப்புகளே பெரும் காரணம். அண்ணனோ நிறமில்லாதது, சுத்தமாக இருந்தால் மணமும் இல்லாதது. ஆளைக் கொல்லும் வேலையைச் செய்வது சத்தம் போடாத இந்த அண்ணன்தான்.

வில்லைக்குள் என்ன இருக்கிறது?

புகைபோடும் வில்லையில் இருப்பது அலுமினியம் பாஸ்பைட். டின் மூடியிருக்கும் வரை அது சும்மா இருக்கும். திறந்து வைத்தால் காற்றில் உள்ள ஈரமே அதற்குப் போதும். பாஸ்பீன் கிளம்பத் தொடங்கும். குளிர்ந்த, வறண்ட இடத்தில் இது மெல்ல நடக்கும். நம் நாடு வெப்பமும் ஈரமும் உள்ள நாடு. மழைக்காலத்தில் உப்பு ஜாடி எப்படிக் கசிகிறது என்று பார்க்கிறோம் அல்லவா? இங்கே வில்லை வேகமாகவே வேலை செய்யும்.

தம்பியின் சேட்டை வில்லை செய்பவர்களுக்குத் தெரியும். ஆகவே தீப்பிடிக்காமல் அடக்குவதற்கு வில்லையில் வேறொரு உப்பையும் சேர்க்கிறார்கள். அது அம்மோனியாவும் கரியமில வாயுவும் விடும். அம்மோனியாவின் நெடி மூக்கில் ஏறி ஆளை எச்சரிக்கும். இவ்வளவு செய்தும் ஆபத்து முழுக்கத் தீராது. பாதி உபயோகித்த டின்னுக்குள் காற்று சேர்ந்திருந்து, மூடியைத் திறக்கும்போது குபீரென்று பற்றலாம். அதனால்தான் டின்னை வெட்டவெளியில், முகத்துக்கு எதிரே பிடிக்காமல், திறக்கச் சொல்கிறார்கள். நனைந்த வில்லைகள் குவிந்து கிடந்தாலும் பற்றும், வெடிக்கவும் செய்யும். அப்போது தண்ணீர் ஊற்றுவது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவது போல. காய்ந்த மணலோ, தூள் தீயணைப்பானோதான் சரி.

மூக்கு ஏமாற்றும்

“நாறுச்சுன்னா ஓடிப்போயிடலாம், அப்புறம் என்ன?” என்று சிலர் கேட்பார்கள். இங்கேதான் பலர் மோசம் போகிறார்கள். நாற்றம் தரும் கலப்புப் பொருள்கள் மூட்டையிலும் தானியத்திலும் ஒட்டிக்கொண்டு அடங்கிவிடலாம். தம்பி அடங்கிய பிறகும் அண்ணன் உள்ளேயே இருப்பான். ஆபத்தான அளவு காற்று இருந்தும் மூக்குக்கு ஒன்றும் தெரியாமல் போகலாம். மூக்குக்கு மூக்கு வித்தியாசமும் உண்டு. சளி பிடித்தவருக்குச் சாதாரண மணமே தெரியாது.

ஆகவே பூண்டு நாற்றமோ அழுகிய மீன் நாற்றமோ வந்தால் உடனே வெளியேறுங்கள். நாற்றம் இல்லை என்பதை மட்டும் வைத்து உள்ளே போகாதீர்கள். புகைபோட்ட ஸ்டோருக்குள் போகலாமா வேண்டாமா என்று சொல்ல வேண்டியது அளக்கும் கருவி. மண்டோரின் மூக்கும் அல்ல, கிராணியின் மூக்கும் அல்ல.

ஒரு சின்னக் கணக்கு

“ஒரே ஒரு வில்லைதானே அண்ணே, என்ன ஆயிடப் போகுது?” என்பவருக்காக இந்தக் கணக்கு.

பெரிய வில்லை ஒன்றின் எடை 3 கிராம். அதிலிருந்து 1 கிராம் பாஸ்பீன் வரும். நம் லயத்து அறை 10 அடிக்கு 12 அடி, உயரம் 9 அடி என்று வைத்துக்கொள்வோம். கதவு சன்னலைச் சாத்திய அந்த அறையில் ஒரு வில்லையின் காற்று முழுவதும் பரவினால், பத்து லட்சம் பங்கு காற்றில் ஏறக்குறைய 24 பங்கு பாஸ்பீன் இருக்கும்.

அமெரிக்க நாட்டுச் சட்டம் 8 மணி நேர வேலைக்கு அனுமதிக்கும் சராசரி அளவு, பத்து லட்சத்தில் 0.3 பங்கு. நம் அறையில் இருப்பது அதைப்போல் 80 மடங்கு! உயிருக்கு உடனடி ஆபத்து என்று அவர்கள் குறித்திருக்கும் அளவு 50 பங்கு. இரண்டே வில்லையில் அந்த எல்லையை ஏறக்குறையத் தொட்டுவிடுவோம். தொழிலாளி 8 மணி நேரத்தில் வேலை முடித்து வெளியே வந்துவிடுவான். பிள்ளை அந்த அறையில் இரவெல்லாம் படுத்துத் தூங்குகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தக் காற்று ஒரு வீட்டோடு நிற்காது. சுவர் வெடிப்பு, பலகை இடுக்கு, கூரைச் சந்து எல்லாவற்றிலும் நுழையும். சுவருக்குச் சுவர் ஒட்டிய லயத்தில் ஒரு வீட்டில் மூட்டைப்பூச்சிக்கு வைத்தது பக்கத்து வீட்டுத் தொட்டிலுக்குப் போய்விடும்.

நடந்தவை மூன்று

இவை பயமுறுத்தக் கட்டிய கதைகள் அல்ல.

2010 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், லேட்டன் என்ற ஊரில், புல்வெளி வளையில் இருந்த எலி போன்ற பிராணிகளைக் கொல்ல வில்லை போட்டார்கள். போட்டது வீட்டுக்கு வெளியே. ஆனால் மிக அருகில். காற்று வீட்டுக்குள் புகுந்தது. 4 வயதும் 15 மாதமும் ஆன அக்காள் தங்கை இருவரும் இறந்தார்கள். அதே ஆண்டு அந்நாட்டு அரசாங்கம் குடியிருப்புப் பகுதியில் வளைக்குள் இந்த வில்லையைப் போடவே தடை விதித்தது. மற்ற கட்டடங்களிலிருந்து 100 அடி தள்ளியே போட வேண்டும் என்றும் சொன்னது.

2014 ஜனவரியில் ஜெருசலேம் நகரில் ஒரு வீட்டில் பூச்சி ஒழிக்க இந்த மருந்தை வைத்தார்கள். அங்கேயும் இறந்தவர்கள் இரண்டு சின்னப் பெண்குழந்தைகள்.

2017 ஜனவரியில் டெக்சஸ் மாநிலத்து அமரில்லோ ஊரில், வீட்டுக்கு அடியில் போட்டிருந்த வில்லைகளைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடப் பார்த்தார்கள். ஈரம் பட்டதும் காற்று வேகமாகக் கிளம்பியது. ஒரே குடும்பத்தில் நான்கு பிள்ளைகள் போய்விட்டார்கள்.

மூன்றிலும் கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. பூச்சியை ஒழிக்க, வீட்டைச் சுத்தம் செய்யச் செய்த காரியங்கள்தான். மூன்றிலும் பலியானவர்கள் குழந்தைகள். பெரியவருக்குத் தலைவலி தரும் அளவே குழந்தைக்கு எமனாகிவிடலாம்.

எல்லா எலி மருந்தும் ஒன்றல்ல

செம்பனைத் தோட்டத்தில் எலி பெரிய எதிரி. பழத்தைக் கடித்துக் குதறிவிடும். அதற்கு இப்போது பரவலாக வைப்பது மெழுகுக் கட்டி. அது இரத்தத்தை உறையவிடாமல் செய்து எலியைச் சில நாளில் கொல்லும். மனிதர் தவறி உண்டுவிட்டால் வைட்டமின் கே என்ற மாற்று மருந்து உண்டு. பல தோட்டங்களில் கூகைக்குப் பெட்டி கட்டி வைத்து, அதை எலி பிடிக்க விட்டிருப்பதையும் பார்த்திருப்பீர்கள்.

சிங்க் பாஸ்பைட் வேறு ஜாதி. சாம்பல் கறுப்பு நிறப் பொடி. இரையோடு பிசைந்து வைப்பார்கள். வயிற்றில் உள்ள புளிப்பு நீர் பட்டதும் உள்ளேயே பாஸ்பீன் உண்டாகும். இதற்கும் அலுமினியம் பாஸ்பைடுக்கும் மாற்று மருந்து கிடையாது. ஆகவே “எலி மருந்து சாப்பிட்டுட்டான்” என்று சொன்னால் மட்டும் வைத்தியருக்குப் போதாது. எந்த மருந்து என்று தெரிய வேண்டும். டின்னின் படத்தையாவது எடுத்துப் போங்கள். விஷம் உண்ட நாய் வாந்தி எடுத்தாலும் அந்த வாந்தியிலிருந்து காற்று வரும். மூடிய காரில் வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

உடம்பில் என்ன செய்யும்?

மூச்சில் இழுத்த பாஸ்பீன், உடம்பின் உயிரணுக்கள் பிராணவாயுவை உபயோகிக்க முடியாதபடி தடுத்துவிடுகிறது. மூச்சு வந்துகொண்டிருக்கும், ஆனால் உடம்புக்கு உள்ளே மூச்சுமுட்டல். அதிகமாக அடிபடுவது இருதயமும் நுரையீரலும்.

முதலில் தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, இருமல், நெஞ்சு இறுக்கம், களைப்பு. பார்த்தால் சாப்பாடு ஒத்துக்கொள்ளாதது போலவோ, காய்ச்சல் வரப்போவது போலவோ இருக்கும். அதிகமானால் மூச்சுத்திணறல், நெஞ்சுத் துடிப்பு தாறுமாறாவது, மயக்கம். சிலருக்கு முதலில் தேறியது போல் இருந்து, பிறகு நுரையீரலில் நீர் கோக்கும். இது மூன்று நாள் கழித்துக்கூட வரலாம். ஆகவே “இப்ப சரியாப் போச்சு” என்று வீட்டிலேயே படுத்துவிடக் கூடாது.

ஒரு வீட்டில் பலருக்கு ஒரே சமயத்தில் வாந்தியும் தலைவலியும் வந்தால், அங்கோ பக்கத்திலோ யாராவது வில்லை போட்டார்களா என்று உடனே விசாரியுங்கள். போட்டிருந்தால் எச்.ஏ.விடமும் டாக்டரிடமும் முதல் பேச்சாக அதைச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவர் வயிற்றுப்போக்கு மருந்து கொடுத்து அனுப்பிவிடக்கூடும்.

உடனே செய்ய வேண்டியவை:

1. எல்லாரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டு வாருங்கள். 999-ஐக் கூப்பிடுங்கள்.

2. ஸ்டோருக்குள்ளோ குழிக்குள்ளோ ஒருவர் விழுந்து கிடந்தால் பின்னாலேயே ஓடாதீர்கள். காப்பாற்றப் போனவரும் விழுவார். காற்றுச் சிலிண்டர் முகமூடி உள்ள தீயணைப்புப் படையினர் போக வேண்டிய இடம் அது.

3. மருந்தை விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பாலும் வேண்டாம், புளித்தண்ணியும் வேண்டாம். வாயால் எதுவும் கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். அவர் தானாக வாந்தி எடுத்தால் சன்னலைத் திறந்துவிட்டு, குனிந்து முகராமல் விலகி நில்லுங்கள்.

4. வில்லைத் தூள் பட்ட சட்டையை வெளியே கழற்றிப் போடுங்கள். நன்றாகக் காற்றாடிய பிறகே துவைக்க வேண்டும். ஈரச் சட்டையோடு சுருட்டிப் பைக்குள் வைக்காதீர்கள்.

வேலையிடத்தில் நமது உரிமை

இந்த வேலையைத் தெரியாத ஆளிடம் தள்ளிவிடக் கூடாது. “அந்த டின்னைக் கொஞ்சம் எடுத்துப் போட்டுட்டு வா தம்பி” என்று புதிதாக வந்த பையனிடமோ, மொழி தெரியாத வெளிநாட்டுத் தொழிலாளியிடமோ சொல்வது கொலைக்குச் சமம். புகைபோடுவது பயிற்சி பெற்றவரின் வேலை. வியாபாரமாகச் செய்பவருக்கு 1974-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் லைசென்ஸ் வேண்டும்.

2013-ஆம் ஆண்டு விதிகளின்படி, வேலையிடத்துக்கு வரும் ஆபத்தான இரசாயனத்துக்கு மலாயிலும் ஆங்கிலத்திலும் பாதுகாப்பு விவரத்தாள் இருக்க வேண்டும். கேட்டு வாங்கிப் பாருங்கள். படிக்கத் தெரியாதவருக்குப் படித்துச் சொல்லும்படி கேளுங்கள்; அதில் வெட்கம் வேண்டாம். மூட்டைகளைத் தார்ப்பாய் போட்டு மூடினார்களா, எச்சரிக்கைப் பலகை வைத்தார்களா, திறக்கும் முன் கருவி வைத்து அளந்தார்களா, பக்கத்தில் லயமோ ஆயாக் கொட்டகையோ இருக்கிறதா என்றெல்லாம் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல.

1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்த திருத்தம் 2024 ஜூன் 1 முதல் அமலில் இருக்கிறது. அதன் 26ஏ பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்று நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்து, அதை முதலாளியிடம் சொல்லியும் அவர் ஒன்றும் செய்யவில்லையானால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகிக்கொள்ளலாம். அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது. முதலில் சொல்ல வேண்டும் என்பதை மறக்காதீர்கள். சொன்ன நேரத்தையும் யாரிடம் சொன்னோம் என்பதையும் குறித்து வைத்து, தோட்டக் கமிட்டித் தலைவரிடமும் தெரிவித்துவிடுங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை

மிச்சமான வில்லை நான்கை யாராவது காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து, “அரிசியில வண்டு வராது அக்கா, வச்சிக்குங்க” என்று கொடுத்தால் வாங்காதீர்கள். அரிசிப் பானையிலும் வேண்டாம், கட்டிலுக்கு அடியிலும் வேண்டாம். வண்டு வந்த அரிசியை வெயிலில் காயவைத்துப் புடைத்துக்கொள்ளலாம். மூட்டைப்பூச்சி கடித்தால் அரிப்புதான், உயிர் போகாது.

வீட்டில் ஏற்கெனவே இருந்தால் தண்ணீரில் கரைக்காதீர்கள், கக்கூஸில் கொட்டாதீர்கள், காண்டாவில் எறியாதீர்கள், நெருப்பில் போடாதீர்கள். கையால் தொடாமல், எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, கதவு சன்னலைத் திறந்து வைத்து, தோட்ட ஆபீசுக்கோ தீயணைப்புப் படைக்கோ சொல்லுங்கள். காலி டின்னில் தண்ணீரோ அரிசியோ பிடித்து வைக்க வேண்டாம்.

ஸ்டோரிலும் இந்த மருந்தைப் பூட்டி வைத்து, சாவி பொறுப்பான ஒருவரிடம் இருக்க வேண்டும். குடும்பத்தில் மனக்கஷ்டம் வராத வீடு இல்லை. மனம் உடைந்த ஒரு நிமிஷத்தில் கைக்கெட்டும் இடத்தில் இது இல்லாமல் இருந்தாலே பல உயிர் பிழைக்கும். அந்த நிமிஷம் கடந்துவிடும். இந்த மருந்து உள்ளே போனால் திரும்ப எடுக்க வழியில்லை.

இதைப் படித்தவர்கள் படிக்காதவர்களுக்குச் சொல்லுங்கள். நாளைக் காலைப் பெரட்டில், உங்கள் தோட்டத்து ஸ்டோரில் இந்த வில்லை இருக்கிறதா, இருந்தால் எங்கே, யார் பொறுப்பில் என்று கேளுங்கள். பதில் கிடைக்கும் வரை கேளுங்கள்.